ஒரே இமேஜ், பல தலைமுறைப் பெட்டிகள்: லோடர் எந்த லைப்ரரியை எடுக்கிறது?

வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கம் மாலையில் திறக்கும் சின்னக் கணினிக்கூடம் எதற்குள்ளாவது போய்ப் பாருங்கள். பத்துப் பெட்டி இருந்தால் ஐந்து தலைமுறை ப்ராசசர் இருக்கும். யாரோ அலுவலகத்தைக் காலி செய்தபோது கொடுத்த கோர் 2 டூயோ ஈ7500, ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹாண்டாக எடுத்த ஐ3-2120, ஐ5-4570, பட்ஜெட் பார்த்து வாங்கிய பென்டியம் ஜி5400, நன்கொடையாக வந்த ஐ3-1115ஜி4 மடிக்கணினி ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே டிஸ்க் இமேஜ்தான் இறங்கியிருக்கும். பெட்டிக்கு ஒரு விதமாக இன்ஸ்டால் செய்துகொண்டிருக்க யாருக்கு நேரம்?

நாமே கம்பைல் செய்யும் லைப்ரரி ஒன்று அந்த இமேஜுக்குள் போகும்போதுதான் தலைவலி. எல்லாப் பெட்டியிலும் ஓட வேண்டுமென்று பழைய ப்ராசசருக்கு ஏற்றபடி கம்பைல் செய்தால், ஐ5 வாங்கிய காசு வீண். ஐ5-க்கு ஏற்றபடி செய்தால் இப்படி ஒரு போன் வரும்:

“அண்ணே, மூணாவது பெட்டில மட்டும் ஸ்கேன் புரோகிராம் ஓடவே மாட்டேங்குது.”

“ஸ்க்ரீன்ல என்னப்பா வந்துச்சு?”

“இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்னு ஒரு வரி. அவ்ளோதாண்ணே. பக்கத்துப் பெட்டில நல்லா ஓடுது.”

தனக்குத் தெரியாத கட்டளை வந்ததும் ப்ராசசர் நிறுத்திவிட்டது என்று அர்த்தம். இதற்கு ஜிலிப்சியிலேயே (லினக்ஸ் புரோகிராம்களுக்கெல்லாம் அடிப்படையான சி லைப்ரரி) வழி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் வந்த 2.33 பதிப்பிலிருந்து, ஒரே லைப்ரரியை நான்கு தரத்தில் கட்டி வைத்துவிட்டால், புரோகிராம் கிளம்பும் நேரத்தில் லோடரே (புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் பகுதி) அந்தப் பெட்டிக்கு ஏற்றதைத் தேர்ந்து எடுத்துக்கொள்ளும். ஃபோல்டரின் பெயர் ஜிலிப்சி-எச்டபிள்யூகேப்ஸ். வழி எளிது. அது எந்த வரிசையில் தேடுகிறது என்பதைக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதிவைப்பதுதான் கடினம். அப்படிக் குறிப்புத்தாள் எழுதித் திருத்தித் திருத்திக் கற்றதுதான் கீழே இருப்பது.

கட்டளைகளையும் ஃபோல்டர் பெயர்களையும் போனில் சொல்வதுபோலத் தமிழ் ஒலியிலேயே எழுதியிருக்கிறோம். பெட்டியில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் சின்ன எழுத்து.

எந்தப் பெட்டி எந்தப் படி

எக்ஸ்86-64 ப்ராசசர்களை நான்கு படியாக 2020-இல் பிரித்தார்கள். ஏஎம்டி, இன்டெல், ரெட் ஹேட், சூசே நான்கும் சேர்ந்து பேசி முடிவு செய்த பிரிப்பு இது. அடிப்படைப் படிக்குத் தனி ஃபோல்டர் கிடையாது. அது வழக்கமான லிப் ஃபோல்டர்தான். மேலே உள்ள மூன்றுக்கு எக்ஸ்86-64-வி2, எக்ஸ்86-64-வி3, எக்ஸ்86-64-வி4 என்று பெயர். எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் முதலியவை ப்ராசசருக்குத் தெரிந்த கூடுதல் கட்டளைத் தொகுப்புகளின் பெயர்கள். வி2 என்றால் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் வரைக்கும். வி3 என்றால் ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, பிஎம்ஐ1, பிஎம்ஐ2 முதலியவை சேரும். வி4-க்கு ஏவிஎக்ஸ்-512-இன் ஐந்து பிரிவுகள் வேண்டும்.

“புதுசு என்றால் மேல்படி” என்று மட்டும் குறிப்புத்தாளில் எழுதிவிடாதீர்கள். ஈ7500-இல் எஸ்எஸ்இ4.1 உண்டு, 4.2 கிடையாது. ஆகவே அது அடிப்படைப் படியிலேயே நின்றுவிடும். ஐ3-2120-க்கு ஏவிஎக்ஸ் இருக்கிறது, ஏவிஎக்ஸ்2 இல்லை. அது வி2. ஐ5-4570 வி3. பென்டியம் ஜி5400 அதைவிட ஐந்து வருடம் இளையது, ஆனாலும் வி2தான். ஏனென்றால் அந்தக் காலத்துப் பென்டியம், செலரான் வரிசைகளில் ஏவிஎக்ஸை இன்டெல் அடைத்தே விற்றது. மடிக்கணினியில் வரும் செலரான் என்4020-யும் வி2. 11ஆம் தலைமுறை ஐ3-1115ஜி4 வி4-க்குத் தேறும், அடுத்த தலைமுறை ஐ5-12400 வி3-க்கு இறங்கிவிடும். வருடத்தைப் பார்த்து ஊகித்தால் ஏமாறுவீர்கள்.

ஊகிக்கவே வேண்டாம், லோடரையே கேளுங்கள்:

/லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2 --ஹெல்ப்

வரும் நீளமான உதவிக்குறிப்பின் கடைசிப் பகுதியில் மூன்று படியும் முன்னுரிமை வரிசையில் இருக்கும். ஐ5-4570-இல் பார்த்தால் வி4-க்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. வி3, வி2 இரண்டுக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் “சப்போர்ட்டட், சர்ச்டு” என்று இருக்கும். ஈ7500-இல் மூன்றும் வெறுமையாக நிற்கும். கூடத்தில் உள்ள ஒவ்வொரு பெட்டியிலும் இதை ஒருமுறை ஓட்டி, படியை மார்க்கரில் எழுதி முன்பக்கம் ஒட்டிவிடுங்கள். போனில் “எந்தப் பெட்டிப்பா?” என்று கேட்கும்போது “வி2 பெட்டிண்ணே” என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஜிலிப்சி எந்தப் பதிப்பு என்பதையும் பார்த்துவிடுங்கள். எல்டிடி --வெர்ஷன் என்று அடித்தால் முதல் வரியில் இருக்கும். டெபியன் 11, உபுண்டு 20.04 இரண்டிலும் 2.31, அங்கே இந்த வசதியே இல்லை. டெபியன் 12-இல் 2.36, உபுண்டு 22.04-இல் 2.35, உபுண்டு 24.04-இல் 2.39. பழைய முறையும் ஒன்று இருந்தது: லிப் ஃபோல்டருக்குள் ஹாஸ்வெல், டிஎல்எஸ் என்றெல்லாம் ஃபோல்டர் வைப்பது. அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துத் தேடியதில் தேட வேண்டிய இடங்கள் பெருகிக்கொண்டே போயின. 2.37 பதிப்பில் அதை எடுத்தேவிட்டார்கள். பழைய வழிகாட்டியைப் பார்த்து ஹாஸ்வெல் ஃபோல்டர் வைத்தால், டெபியன் 12 வரை ஓடி, அடுத்த மேம்படுத்தலில் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

தேடும் வரிசை

குறிப்புத்தாளின் முதல் வடிவத்தில் ஃபோல்டர் பட்டியல் மட்டும்தான் இருந்தது. ஃபைலை அங்கே போட்டும் ஒன்றும் மாறவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். காரணம், லோடர் ஃபோல்டருக்குள் போய்ப் பார்ப்பதே இல்லை. பெரும்பாலான நேரம் அது கேஷைத்தான் பார்க்கிறது.

சென்னைத் தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று ஒரே கதவுக்கு இரண்டு எண் இருக்கும். தபால்காரர் கையில் உள்ள பேரேட்டில் பழைய எண்தான் இருக்கிறது என்றால், நீங்கள் வாசலில் எவ்வளவு பெரிதாகப் புதிய எண்ணை எழுதினாலும் அவர் பழையதற்கே போவார். /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்பது அந்தப் பேரேடு. எல்டிகான்ஃபிக் என்ற கட்டளைதான் அதைத் திருத்தி எழுதும்.

முழு வரிசை இது. புரோகிராம் தனக்கு வேண்டிய லைப்ரரியை வெறும் பெயராகச் சொன்னால் மட்டும்தான் தேடலே நடக்கும். பெயருக்குள் ஒரு சாய்கோடு இருந்துவிட்டால் அது நேர் முகவரி, லோடர் வேறெங்கும் பார்க்காது. வெறும் பெயர் என்றால், முதலில் ஆர்பாத் (ரன்பாத் இல்லாதபோது மட்டும்; இரண்டுமே கட்டும்போது புரோகிராமுக்குள் பதியும் தேடல் முகவரிகள்), பிறகு எல்டி_லைப்ரரி_பாத் (முழுதும் பெரிய எழுத்து; ஓட்டும்போது நாம் கொடுக்கும் ஃபோல்டர் பட்டியல்), பிறகு ரன்பாத், பிறகு கேஷ், கடைசியில் சிஸ்டத்தின் இயல்பான லிப் ஃபோல்டர்கள். கேஷ் தவிர்த்த மற்ற இடங்களில், ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் முதலில் ஜிலிப்சி-எச்டபிள்யூகேப்ஸ் இருக்கிறதா, அதில் இந்தப் பெட்டிக்குப் பொருந்தும் படிகள் உள்ளனவா என்று மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டுத்தான் வெளியே உள்ள ஃபைலுக்கு வரும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு வேறுபாடு உண்டு. எல்டி_லைப்ரரி_பாத்தில் இரண்டு ஃபோல்டர் கொடுத்தால், முதல் ஃபோல்டரின் எல்லாப் படிகளையும் அடிப்படையையும் பார்த்த பிறகுதான் இரண்டாவதற்குப் போகும். ஃபோல்டர் வரிசைக்குத்தான் அங்கே மதிப்பு. கேஷில் அப்படி இல்லை, அங்கே படிதான் ஜெயிக்கும். லோக்கல் லிப்பில் (/யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்) நீங்கள் புதிதாகக் கட்டிய அடிப்படை லைப்ரரி இருக்கிறது, சிஸ்டம் லிப்பின் வி3 ஃபோல்டரில் அதே பெயரில் பழையது ஒன்று கிடக்கிறது என்று வையுங்கள். வி3 பெட்டியில் பழையதுதான் ஏறும். ஈ7500-இல் உங்கள் புதியது ஏறும். லோக்கல்தானே முதலில் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்வது இங்கேதான்.

இன்னொரு குழப்பம் பெயரால் வருவது. கம்பைல் நேரத்தில் வேலை செய்யும் எல்டி வேறு, ஓடும் நேரத்தில் வேலை செய்யும் எல்டி.எஸ்ஓ வேறு. இரண்டையும் லிங்கர் என்றே சொல்கிறார்கள். முன்னது எச்டபிள்யூகேப்ஸ் ஃபோல்டர்களை எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் எண் ஒட்டாத வெறும் டாட் எஸ்ஓ இணைப்பை அந்த ஃபோல்டர்களுக்குள் வைக்கத் தேவையில்லை. எங்கள் தாளில் பின்னதை எப்போதும் “லோடர்” என்றே எழுதுகிறோம். லிங்கர் என்ற சொல்லை எடுத்தேவிட்டோம். ஒரு சொல்லை மாற்றியதிலேயே கேள்விகள் பாதியாகக் குறைந்தன.

கட்டுவதும் வைப்பதும்

எடுத்துக்காட்டுக்கு, ஸ்கேன் செய்த பக்கத்தை நேராக்கிக் கறுப்பு வெள்ளையாக்கும் லைப்ரரி என்று வைத்துக்கொள்வோம். பெயர் லிப்படம். ஃபைல் லிப்படம்.எஸ்ஓ.1.2.0, உள்ளே பதிந்த சோநேம் (லோடர் தேடும் பெயர்) லிப்படம்.எஸ்ஓ.1. எல்லாத் தரத்திலும் சோநேம் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறாக இருந்தால் அது வேறு லைப்ரரி, தேர்வு என்ற பேச்சே இல்லை.

கம்பைலருக்கு -மார்ச்=எக்ஸ்86-64-வி3 என்று கொடுக்க ஜிசிசி 11 அல்லது கிளாங் 12 வேண்டும். ஜிசிசி 11-இல் -ஓ2 (ஓ பெரிய எழுத்து) மட்டும் கொடுத்தால் லூப்புகள் தானாக வெக்டர் ஆகாது, அதாவது ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வடிவுக்கு மாறாது. 12-இலிருந்துதான் -ஓ2-விலேயே அது கொஞ்சம் தொடங்குகிறது. அதனால் -ஓ3 (இங்கும் ஓ பெரிய எழுத்து) கொடுங்கள். -மார்ச்=நேட்டிவ் என்பதைத் தொடாதீர்கள். அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் அள்ளிப் போடும். படிகளுக்குள் சேராத வசதிகள் பல உண்டு: ஏஇஎஸ், பிசிஎல்முல், எஸ்எச்ஏ எதுவுமே நான்கு படிகளிலும் கிடையாது. நேட்டிவாகக் கட்டியதை வி3 ஃபோல்டரில் வைத்தால், வேறொரு வி3 பெட்டியில் விழலாம்.

வைக்க வேண்டிய இடங்கள்:

/யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/லிப்படம்.எஸ்ஓ.1.2.0
/யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/ஜிலிப்சி-எச்டபிள்யூகேப்ஸ்/எக்ஸ்86-64-வி3/லிப்படம்.எஸ்ஓ.1.2.0

முதலாவது அடிப்படை. அது எப்போதும் இருக்கட்டும், ஈ7500-க்கு வேறு போக்கிடமில்லை. வைத்தபின் சூடோ எல்டிகான்ஃபிக். சோநேம் பெயரிலான இணைப்பை இரண்டு ஃபோல்டரிலும் அதுவே போட்டுவிடும். எல்டிகான்ஃபிக் ஓடும் பெட்டியின் ப்ராசசர் எது என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லாப் படிகளையும் பேரேட்டில் ஏற்றிவிடும், தேர்வு நடப்பது புரோகிராம் கிளம்பும்போதுதான். ஆகவே ஈ7500-இல் உட்கார்ந்து தயாரித்த இமேஜும் ஐ5-இல் சரியாகவே ஓடும்.

வி2-க்குத் தனியாகக் கட்ட வேண்டுமா? அளந்து பார்த்து லாபம் தெரிந்தால் மட்டும். எழுத்துத் தேடல், பிட் எண்ணுதல் போன்ற வேலை இல்லாவிட்டால் அடிப்படைக்கும் வி2-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வி4 பற்றி எங்கள் கருத்து: கணினிக்கூடத்துக்குத் தேவையில்லை. ஒவ்வொரு படியும் சோதிக்க வேண்டிய இன்னொரு லைப்ரரி என்பதை மறக்கக்கூடாது. வி4 பெட்டி வி4 ஃபோல்டர் இல்லையென்றால் வி3-ஐ எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கும்.

எதற்கு இதெல்லாம் தேவையே இல்லை என்பதும் தாளில் இருக்கட்டும். ஜிலிப்சிக்குள் மெம்காப்பி, எஸ்டிஆர்லென் போன்றவை ஐஃபங்க் என்ற முறையில் பெட்டிக்கு ஏற்றதைத் தாங்களே தேர்ந்துகொள்கின்றன. டைனமிக் ஆர்ச் (ஓடும்போதே தேர்வு செய்யும் அமைப்பு) வைத்துக் கட்டிய ஓபன்பிளாஸ் என்ற கணித லைப்ரரியும் அப்படியே. தமிழ் எழுத்துணரிக்குப் பலரும் வைத்திருக்கும் டெசராக்ட்டும் தன் கனமான கணக்குகளுக்கு ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும். டெசராக்ட் --வெர்ஷன் அடித்தால் “ஃபவுண்ட் ஏவிஎக்ஸ்2” என்று சொல்லும். இவற்றை மெனக்கெட்டு வி3-க்குக் கட்டுவது பனைமரத்துக்கு ஏணி கட்டி இறங்குவது போல. நாமே எழுதிய, உள்ளுக்குள் எந்தத் தேர்வும் இல்லாத, எண்களை வரிசையாக அரைக்கும் லைப்ரரிக்குத்தான் இந்த வழி.

புரோகிராமுக்கும் இது பொருந்தாது, லைப்ரரிக்கு மட்டும்தான். கனமான வேலை மெயின் புரோகிராமிலேயே இருந்தால், அதைப் பிரித்து லைப்ரரியாக்கினால்தான் பயன். பைதான் மாட்யூல்களும் அப்படித்தான். பைதான் அவற்றை முழு முகவரி சொல்லி ஏற்றுவதால் படித் தேடல் நடக்காது. மாட்யூலை மெலிதாக வைத்து, கனத்தை அது அழைக்கும் லைப்ரரிக்குத் தள்ளிவிடுங்கள்.

ஏறியது எது என்று பார்ப்பது

பேரேட்டில் இருக்கிறதா என்பதற்கு எல்டிகான்ஃபிக் -பி, அதில் படம் என்ற பெயரை கிரெப் செய்யுங்கள். இரண்டு வரி வர வேண்டும். ஒன்றில் எச்டபிள்யூகேப் என்ற சொல்லுக்குப் பின் மேற்கோள் குறிக்குள் எக்ஸ்86-64-வி3 என்று இருக்கும். இது எல்லாப் பெட்டியிலும் ஒன்றுபோலவே வரும், ஈ7500-இலும்தான். இதைப் பார்த்துவிட்டு “வி3 ஏறிவிட்டது” என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

உண்மையில் எதைத் தொட்டது என்பதற்கு எல்டி_டிபக்=லிப்ஸ் (கடைசிச் சொல் தவிர மற்றது பெரிய எழுத்து) என்று முன்னால் போட்டுப் புரோகிராமை ஓட்டுங்கள். “ஃபைண்ட் லைப்ரரி” என்று ஒரு வரி, அடுத்து “சர்ச் கேஷ்”, அடுத்து “ட்ரையிங் ஃபைல்” என்று முழு முகவரி. அந்த மூன்றாவது வரிதான் தீர்ப்பு. “சர்ச் கேஷ்” வருவதற்கு முன்பே “சர்ச் பாத்” என்று வந்து ஃபைல் கிடைத்துவிட்டால், ஆர்பாத்தோ ரன்பாத்தோ எல்டி_லைப்ரரி_பாத்தோ குறுக்கே நிற்கிறது என்று பொருள். சிமேக் என்ற கட்டும் கருவியின் ஃபோல்டரிலிருந்தே ஓட்டிச் சோதிப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். சிமேக் அங்கே தன் ஃபோல்டரின் முகவரியைப் புரோகிராமுக்குள் பதித்துவைக்கிறது, அதனால் கேஷ் வரைக்கும் தேடல் வருவதே இல்லை. இன்ஸ்டால் செய்த பிறகு சோதியுங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் என்றால் /ப்ராக் கீழே அதன் எண்ணுக்குள் மேப்ஸ் என்ற ஃபைலைப் பாருங்கள்.

ஐ5 பெட்டியிலேயே அடிப்படைத் தரத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. லோடரை நேரடியாக அழைத்து --ஜிலிப்சி-எச்டபிள்யூகேப்ஸ்-மாஸ்க் என்ற விருப்பத்துக்கு எக்ஸ்86-64-வி2 என்று மட்டும் கொடுத்தால் வி3-ஐத் தேடாது. ஒரு படியுமே வேண்டாமென்றால் இல்லாத பெயர் ஒன்றைக் கொடுத்தால் போதும். இதில் இரண்டு கவனம். மாஸ்க் அந்தப் புரோகிராமுக்கு மட்டும்தான், அது கிளப்பிவிடும் அடுத்த புரோகிராம்களுக்குப் போகாது. இப்படி ஓட்டும்போது /ப்ராக்/செல்ஃப்/எக்ஸ்இ லோடரைக் காட்டும். தன் இடத்தை அதை வைத்துக் கண்டுபிடிக்கும் புரோகிராம்கள் தடுமாறும். அது லைப்ரரியின் குற்றமில்லை.

கெட்டுப்போகும் இடங்கள்

பழைய வி3 கிடப்பதுதான் முதலிடம். யாரோ 1.3.0-ஐக் கட்டி லோக்கல் லிப்பில் மட்டும் வைத்துவிட்டு எல்டிகான்ஃபிக்கும் ஓட்டிவிடுவார்கள். வி3 ஃபோல்டரில் 1.2.0 அப்படியே இருக்கும். ஈ7500-இல் எல்லாம் சரி, புதிய பெட்டிகளில் மட்டும் “அன்டிஃபைன்டு சிம்பல்” என்று விழும். வழக்கமாகப் பழைய பெட்டிதான் தகராறு செய்யும் என்பதால் யாருக்கும் சந்தேகம் இந்தப் பக்கம் வராது. அடிப்படையையும் வி3-யையும் ஒரே ஸ்கிரிப்ட் கட்டி ஒரே மூச்சில் வைக்கும்படி செய்துவிட்டால் இது தீரும். கையால் தனித்தனியாகக் காப்பி செய்யும் பழக்கத்தை ஒழியுங்கள்.

அடுத்தது எல்டி.எஸ்ஓ.கான்ஃபில் வி3 ஃபோல்டரையே முகவரியாக எழுதிவிடுவது. ஃபைல் ஏறவில்லையே என்ற பதற்றத்தில் செய்வது இது, பார்ப்பதற்கு வேலை செய்தது போலவும் இருக்கும். ஆனால் அப்போது அது வி3 என்ற அடையாளமே இல்லாமல் சாதாரண ஃபோல்டராகப் பேரேட்டில் ஏறிவிடக்கூடும். ஈ7500-யும் அதை எடுத்துக்கொண்டு விழலாம். மேலே போனில் வந்த மூன்றாவது பெட்டிக் கதைக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கான்ஃபில் மேல் ஃபோல்டர் மட்டும் இருக்கட்டும், கீழே உள்ளதை எல்டிகான்ஃபிக்கே பார்த்துக்கொள்ளும்.

பெயரில் கோடு. ஃபோல்டர் பெயரில் எக்ஸ்86-க்கும் 64-க்கும் நடுவே சிறுகோடு வர வேண்டும். டெபியனின் மல்ட்டிஆர்ச் ஃபோல்டரிலும், பேக்கேஜ் பெயர்கள் சிலவற்றிலும் அதே இடத்தில் அடிக்கோடு வருவதால் கை தானாக அடிக்கோட்டை அடித்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. எல்டிகான்ஃபிக் அந்தத் தவறான பெயரையும் பேரேட்டில் ஏற்றும். லோடர் அப்படி ஒரு படியே தெரியாது என்று தாண்டிப் போகும். எல்டிகான்ஃபிக் -பி வரியில் மேற்கோளுக்குள் இருப்பதை எழுத்தெழுத்தாகப் படித்தால்தான் பிடிபடும்.

இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன் வந்தால் ஊகிக்காமல் பிடிக்கலாம். சூடோ டிஎம்இஎஸ்ஜி (கெர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) அடித்தால் கடைசியில் “ட்ராப் இன்வாலிட் ஆப்கோட்” என்ற வரி, எந்த லைப்ரரிக்குள் விழுந்தது என்ற பெயரோடு இருக்கும். ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் எக்ஸ்/ஐ டாலர் பிசி (டாலர் என்பது $ குறி) என்று கேட்டால் விழுந்த கட்டளையே தெரியும். வி என்று தொடங்கி ஒய்எம்எம் ரெஜிஸ்டர் தெரிந்தால் ஏவிஎக்ஸ் வகை. வெளியே அனுப்புமுன் அடிப்படை லைப்ரரியை ஆப்ஜ்டம்ப் -டி (உள்ளே உள்ள ப்ராசசர் கட்டளைகளைப் பிரித்துக் காட்டும்) செய்து ஒய்எம்எம் என்று கிரெப் செய்து பாருங்கள், ஒன்றும் வரக்கூடாது. (உள்ளுக்குள் தானே தேர்வு செய்யும் லைப்ரரிகளில் வரும், அது வேறு.)

விழாமல் விடை மட்டும் மாறுவது இன்னும் தொல்லை. ஐ5-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படமும் ஈ7500-இல் வந்ததும் கண்ணுக்கு ஒன்றுதான், எம்டி5சம் போட்டால் வேறு. வி3-இல் எஃப்எம்ஏ இருப்பதால் ஜிசிசி பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக்கிவிடுகிறது. இரண்டு முறை முழுமையாக்க வேண்டிய இடத்தில் ஒரு முறைதான் முழுமையாக்கல் நடக்கிறது. கடைசித் தசமத்தில் மயிரிழை வித்தியாசம். வரம்பு 127.5 என்று வைத்திருந்தால் ஒரு புள்ளி இந்தப் பக்கம், ஒரு புள்ளி அந்தப் பக்கம். எல்லாப் பெட்டியிலும் ஒரே விடை வேண்டுமென்றால் எல்லாத் தரத்தையும் -எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் கொடுத்துக் கட்டுங்கள். வேகத்தில் கொஞ்சம் போகும். பிள்ளைகளின் விடைகளை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் இடத்தில் அந்தக் கொஞ்சத்தைப் பற்றிக் கவலைப்படக்கூடாது.

ஐகன் என்ற மேட்ரிக்ஸ் கணித லைப்ரரியைப் பயன்படுத்தும் சி++ லைப்ரரி என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். -மார்ச் மாறும்போது ஐகன் தன் வகைகளின் நினைவக ஒழுங்கையும் (தரவு தொடங்கும் முகவரி எத்தனையின் மடங்காக இருக்க வேண்டும் என்பது) மாற்றிக்கொள்கிறது: ஏவிஎக்ஸ் இருந்தால் 32 பைட், இல்லாவிட்டால் 16. அடிப்படைக்குக் கட்டிய புரோகிராம், வி3-க்குக் கட்டிய லைப்ரரிக்கு ஐகன் மேட்ரிக்ஸை நேரடியாகக் கொடுத்தால் சரிந்து விழும். வெளியே தெரியும் ஃபங்ஷன்களில் வெறும் பாயின்டரும் அளவும் மட்டும் இருக்கட்டும்.

மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுபவர்கள் பெட்டியில் ஒட்டிய படியை நம்பக்கூடாது. கியூஎம்யூவின் இயல்பான ப்ராசசர் மாதிரி அடிப்படைப் படியிலேயே நிற்கும். -சிபியு ஹோஸ்ட் கொடுத்தால்தான் உள்ளே இருப்பவருக்கு வி3 தெரியும். கெர்னல் வரியில் நோஎக்ஸ்சேவ் என்று யாராவது போட்டுவைத்திருந்தாலும் ஏவிஎக்ஸ் போய்விடும், அதோடு வி3-யும். அந்த இடத்திலேயே லோடரின் --ஹெல்ப் ஓட்டிப் பார்ப்பதைவிட நம்பகமான வழி இல்லை.

வி3-ஐ எடுத்துவிட வேண்டும் என்றால் ஃபைலையும் இணைப்பையும் அழித்து, உடனே எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள். ஓட்டாவிட்டால் பேரேட்டில் பழைய முகவரி இருக்கும். லோடர் அங்கே போய்த் திறக்கப் பார்த்து, இல்லை என்றதும் நேராகச் சிஸ்டத்தின் இயல்பான ஃபோல்டர்களுக்குப் போய்விடும். டெபியனில் லோக்கல் லிப் அந்த இயல்பான பட்டியலில் இல்லை, கான்ஃப் வழியாகப் பேரேட்டில்தான் இருக்கிறது. அதனால் அடிப்படை ஃபைல் கண்ணெதிரே கிடந்தும் “கெனாட் ஓபன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்” என்று வரும், அதுவும் வி3 பெட்டிகளில் மட்டும். எங்கள் தாளில் இந்த வரிக்கு நேரே இரண்டே சொல்தான்: சூடோ எல்டிகான்ஃபிக்.